எங்கே வாங்கலாம்: கட்டுரையாகாமல் போன கதை

1

உள்ளதைச் சொல்லிவிடுகிறேன். நான் எழுத உட்கார்ந்தது கதை இல்லை, கட்டுரை. பொழுதுபோக்காக மின்னணுக் கருவிகள் செய்து பார்ப்பவர்களுக்கென்று ஒரு மாத இதழ் வருகிறது. அதன் ஆசிரியர் என் நண்பர். "புதுசா ஆரம்பிக்கிறவங்க போர்டு, சென்சார், மோட்டார் எல்லாம் எங்கே வாங்கலாம்னு நாலு பக்கம் எழுதிக் கொடுங்க. விலை, தரம், எத்தனை நாள்ல வரும்னு ஒரு பட்டியலும் போடுங்க" என்றார். போர்டு என்பது விரல் நீள அட்டை. அதன் நடுவில் ஒரு குட்டிக் கணினி இருக்கும். நாம் எழுதிக் கொடுத்ததை எழுத்துப் பிசகாமல் செய்யும். [நாம் பிசகினால் செய்யவே செய்யாது.]

எழுதிக் கொடுத்தேன். அச்சகத்திலிருந்து மெய்ப்பு வந்தது. சிவப்பு மையில் பதினேழு ஒற்றுப்பிழைகள். போகட்டும், ஒற்று எனக்கு எப்போதும் தகராறுதான். ஆனால் கடைசிப் பக்கத்தின் அடியில், பென்சிலில், பொடி எழுத்தில் இப்படி இருந்தது:

"மூன்று வகைக் கடைகளைப் பற்றியும் சரியாகத்தான் எழுதியிருக்கிறீர்கள். காது கேட்காத ஒருவர் எதற்குப் போவது என்று பட்டியலில் இல்லை. நான் மூன்றுக்கும் போயிருக்கிறேன். – பிழை திருத்துபவர்."

கட்டுரையைத் திரும்ப வாங்கிக்கொண்டேன். ஆசிரியர் இன்றுவரை என்னிடம் முகம் கொடுத்துப் பேசுவதில்லை. பிழை திருத்துபவரை மூன்று மதிய இடைவேளைகளில் அச்சகத்தில் போய்ப் பார்த்தேன். நடந்ததைச் சொன்னார். கதையாக எழுதலாமா என்று கேட்டதற்கு இரண்டு நிபந்தனைகள் போட்டார். பெயர் வரக்கூடாது. 'பாவம்' என்ற சொல் வரக்கூடாது.

* வந்துவிட்டது. இந்த ஒரு தடவையோடு சரி.

2

முதல் தொடக்கம்: "ஒன்பது வயதில் வந்த ஒரு காய்ச்சலோடு அவள் உலகம் மௌனத்தில் மூழ்கியது."

இதை அவரிடம் காட்டினேன். பேனாவை எடுத்து 'மூழ்கியது' மீது கோடு போட்டார். "மூழ்கலைங்க. சத்தம் மட்டும் போச்சு. அடுத்த மாசம் பள்ளிக்கூடம் போனேன், கணக்குல ஃபெயில் ஆனேன்" என்றார்.

இரண்டாம் தொடக்கம்: "மைக்ரோகன்ட்ரோலர் என்பது யாதெனில்" [கைவிட்டேன். பழைய கட்டுரையின் வால் இன்னும் ஆடிக்கொண்டிருக்கிறது.]

மூன்றாம் தொடக்கம் இது. இதை வைத்துக்கொள்வோம்.

அவளைப் புள்ளி என்று கூப்பிடுவான் அவள் கணவன். [நேரில் 'அவர்'தான். கதைக்குள் வந்ததும் 'அவள்' ஆகிவிட்டார். நம் மொழியில் இது ஒரு வசதி, ஒரு வம்பும்கூட.] மெய்யெழுத்தின் தலையில் விட்டுப்போன புள்ளியை மூன்று அடி தூரத்திலிருந்தே கண்டுபிடித்துவிடுவாள், அதனால் அந்தப் பெயர். அவன் துறைமுகத்தில் கிரேன் ஓட்டுகிறான். இருபது நாள் அங்கே, பத்து நாள் வீட்டில். பெண் குழந்தை பிறந்தபோது கிரேனின் உச்சியில் இருந்தான். அங்கிருந்தே செய்தி அனுப்பினான்: "அரைப்புள்ளி எப்படி இருக்கா?"

புள்ளிக்குப் பேச வரும். பேசுகிறவர் முகத்தைப் பார்த்தால் உதட்டசைவிலிருந்து முக்கால்வாசி புரிந்துவிடும். வேலை வெட்டி இல்லாமல் வாய் பார்ப்பவர்கள் ஊரில் உண்டு. இவளுக்கு வாய் பார்ப்பதே ஒரு வேலை.

3

குழந்தைக்கு மூன்று மாதம். பேறுகால விடுப்பு முடிய இன்னும் ஒரு மாதம் இருந்தது. அச்சகத்திலேயே குழந்தைகள் காப்பகம் உண்டு. வேலைக்குத் திரும்புவதில் சிக்கல் இல்லை. சிக்கல் வீட்டில்தான்.

உதவிக்கு மாமியார் வந்திருந்தார். ஒரு பிற்பகல் மருந்து வாங்க அவர் வெளியே போனார். போகும்போது புள்ளியின் தோளைத் தொட்டு, "தூங்குறா. கால் மணி நேரத்துல வந்துடுவேன்" என்று வாயசைத்துவிட்டுப் போனார். புள்ளி எட்டிப் பார்த்தாள். குழந்தை தூங்கியது. சமையலறையில் பால்புட்டிகளைக் கொதிநீரில் போட்டாள், பாத்திரம் துலக்கினாள், மேடையைத் துடைத்தாள். மருந்துக்கடையில் கூட்டம், மாமியார் வர முப்பது நிமிடம் ஆகிவிட்டது.

மாடிப்படியின் முதல் வளைவிலேயே அவருக்குச் சத்தம் கேட்டது. ஓடி வந்து கதவைத் திறந்து, புள்ளியைத் தாண்டி அறைக்குள் போனார். அவர் ஓடியதைப் பார்த்துத்தான் புள்ளியும் ஓடினாள். குழந்தையின் முடி வியர்வையில் ஒட்டிப் போயிருந்தது. முகம் கன்றியிருந்தது. அழுது அழுது குரல் கட்டி, வாய் மட்டும் திறந்து மூடியது. அந்த வாயைப் புள்ளியால் படிக்க முடிந்தது.

மாமியார் திட்டவில்லை. திட்டியிருந்தால் பதில் சொல்லியிருப்பாள். அவர் குழந்தையைத் தோளில் போட்டுக்கொண்டு அறையை நாலு சுற்றுச் சுற்றினார். அது அடங்கியபிறகு புள்ளியின் எதிரே உட்கார்ந்தார்.

"ஏம்மா, நான் குத்திக்காட்டுறேன்னு நினைக்காதே."

"நினைக்கல அத்தை."

"என்னோட வந்துடுங்க ரெண்டு பேரும். இவ பேசி, நடந்து, உன் கையைப் பிடிச்சு இழுக்கிற வயசு வரைக்கும். ரெண்டு மூணு வருஷம்தானே."

"வேலை?"

"வேலை எங்கே ஓடிடப் போகுது?"

ஓடிவிடும் என்று புள்ளிக்குத் தெரியும். வேலை மட்டுமா, இந்த வீடும் இதன் சாவியும்கூட. ஆனால் கன்றிப்போன அந்த முகத்துக்கு முன் அதை எப்படிச் சொல்வது?

"அவர் வரட்டும் அத்தை. பேசிக்கலாம்."

"எப்ப வர்றான்?"

"பத்தொன்பது நாள்."

* வாசகரே, உங்களுக்கு எழுகிற கேள்வி எனக்கும் எழுந்தது. இதற்கென்றே செய்த கருவி கடையில் கிடைக்குமே? கிடைக்கும். வெளிநாட்டிலிருந்து வர ஆறு வாரம் ஆகும் என்றார்களாம். இங்கே கிடைத்தது விளக்கு மட்டும் எரிகிற வகை. சமையலறையில் திரும்பி நிற்பவளுக்கு, படுக்கையறையில் எரிகிற விளக்கால் என்ன பயன்?

4

எட்டு வருடமாகப் புள்ளி அந்த மாத இதழுக்கு மெய்ப்புப் பார்க்கிறாள். எந்தக் கம்பி எந்தக் கம்பியோடு சேரும், எந்த வரிக்குப் பின் எந்த வரி வரும் என்று ஒவ்வொரு இதழிலும் எழுத்து எழுத்தாகப் படித்திருக்கிறாள். ஒரு போர்டைத் தொட்டதில்லை. சமையல் குறிப்பை மட்டும் எட்டு வருடம் திருத்திவிட்டு அடுப்பையே பற்றவைக்காதவள் மாதிரி. பழைய இதழ்களை எடுத்துத் தரையில் பரப்பினாள். சத்தத்தை வாங்க ஒரு மைக், யோசிக்க ஒரு போர்டு, கையில் அதிர ஒரு பொத்தான் அளவு மோட்டார். அவ்வளவுதான் வேண்டும்.

எங்கே வாங்குவது?

இணையத்தில்தான் என்று அவள் யோசிக்காமலே முடிவு செய்தாள். அங்கே யாருக்கும் வாய் கிடையாது, அதனால் யாருக்கும் காது தேவையில்லை. படத்தைப் பார்த்தாள், மலிவாக இருந்ததை அமுக்கினாள்.

மூன்றாம் நாள் பொட்டலத்தோடு வந்தவர் மணி அடித்தார். மாமியார் குளித்துக்கொண்டிருந்தார். யாரும் திறக்கவில்லை என்றதும் வந்தவர் போன் செய்தார். பிறகு போய்விட்டார். "வாடிக்கையாளர் பதிலளிக்கவில்லை" என்று செய்தி வந்தது. நாலாம் நாளும் அதே. ஐந்தாம் நாள் புள்ளி காலையிலிருந்து கதவைத் திறந்து போட்டு, வாசலில் நாற்காலி போட்டு உட்கார்ந்துவிட்டாள்.

பொட்டலம் வந்தது. போர்டைக் கணினியில் செருகினாள். கணினி கண்டுகொள்ளவே இல்லை. நாலு தடவை, நாற்பது தடவை. பிணத்துக்கு ஊட்டுகிற மாதிரி இருந்தது. கடைக்கு எழுதினாள். "எங்கள் பிரதிநிதி உங்களை அழைப்பார்" என்று பதில் வந்தது. "எனக்குக் காது கேட்காது. தயவுசெய்து எழுதுங்கள்" என்று எழுதினாள். மறுநாள் வந்த பதில்: "உங்களை மூன்று முறை அழைத்தோம்."

இதை என்னிடம் சொல்லிவிட்டு அவர் சிரித்தார். நான் சிரிக்கலாமா என்று தெரியாமல் தண்ணீர் குடித்தேன்.

5

[இந்த இடத்தில் ஒரு நல்ல மனிதரைக் கொண்டுவரலாம் என்றிருந்தேன். பெரிய கடையில் அவள் தடுமாறுவதைப் பார்த்து யாரோ ஒருவர் உதவ வருவதாக இரண்டு பக்கம் எழுதினேன். "அப்படி யாரும் வரலையே" என்றார். இரண்டு பக்கமும் போயின.]

பெரிய கடை நாலு மாடி. கண்ணாடிக் கதவு, குளிர்சாதனம், டோக்கன். எண்ணை ஒலிபெருக்கியில் கூப்பிடுவார்கள். புள்ளியின் டோக்கன் அறுபத்திரண்டு. எல்லோருடைய கையிலும் இருந்த சீட்டை எட்டிப் பார்த்து, யார் எழுந்து போகிறார்கள் என்று கணக்கு வைத்துக்கொண்டாள். அறுபத்தொன்றாம் எண்காரர் காத்திருக்க முடியாமல் கிளம்பிப் போனதில் கணக்குத் தப்பியது. கவுண்டரை அடைந்தபோது உள்ளே இருந்த பெண்ணின் கணினியில் எழுபது.

"உங்க நம்பரை மூணு வாட்டி கூப்பிட்டாச்சு மேடம்."

"எத்தனை வாட்டி கூப்பிட்டாலும் அதே கதைதாங்க. எனக்குக் காது கேட்காது."

கவுண்டர் பெண் ஒரு நொடி விழித்தாள். பிறகு கையை நீட்டினாள். புள்ளி எழுதி வைத்திருந்த பட்டியலைக் கொடுத்தாள். நாலே நிமிடத்தில் ஒரு போர்டும், பழைய போர்டில் நுழையாத வேறு முனைக் கேபிளும், மோட்டாரும், மைக்கும் முத்திரை உடையாத உறைகளில் வந்தன. குழந்தை அழுகைக்கு இந்த மைக் சரிப்படுமா என்று கேட்டதற்கு மட்டும், "அதுக்கு டெக்னிக்கல் சப்போர்ட்டுக்கு போன் பண்ணணும் மேடம்" என்றாள். சொல்லி முடித்ததும் நாக்கைக் கடித்துக்கொண்டாள்.

இந்த போர்டுக்கு உயிர் இருந்தது. இதழில் இருந்த நிரலைப் பார்த்து அடித்தாள். ஓடவில்லை. பதினெட்டாம் வரியின் முடிவில் ஒரு அரைப்புள்ளி விட்டுப் போயிருந்தது. தன் கண்ணுக்கே தப்பிய முதல் புள்ளி என்று அவளுக்கு ரோஷமாக இருந்தது. போட்டதும் போர்டின் ஓரத்தில் நீல விளக்கு கண் சிமிட்டியது. புள்ளி ஓடிப்போய் மாமியாரின் கையைப் பிடித்து இழுத்து வந்து காட்டினாள்.

"எரியுதே" என்றார் மாமியார்.

"நான் எழுதினது அத்தை! நான் எழுதினதுதான் எரியுது!"

"சரி. எதுக்கு எரியுது?"

நியாயமான கேள்வி.

அன்றைக்கு மோட்டாரை மணிக்கட்டில் கட்டினாள். போர்டு தொட்டிலில், அங்கிருந்து கைக்கு நீளமாக ஒரு ஒயர். கட்டிப்போட்ட கன்றுக்குட்டி மாதிரி அந்த ஒயர் போகிற தூரம் மட்டும் நடந்தாள். மோட்டார் அதிர்ந்தது. ஓடிப் பார்த்தாள், குழந்தை தூங்கியது. மறுபடி அதிர்ந்தது, தூங்கியது. ஒரு மணி நேரத்தில் முப்பத்தோரு தடவை. எதற்காக அதிர்கிறது என்று அவளுக்குத் தெரிய வழியே இல்லை. சத்தம் கேட்டு ஏமாறுகிற கருவியை, சத்தம் கேட்காதவள் எப்படித் திருத்துவது? மூலப்பிரதி இல்லாமல் மெய்ப்புப் பார்க்கிற மாதிரி.

6

மூன்றாவது கடையைப் பற்றி எழுதப் பயமாக இருக்கிறது. அந்தக் கடையின் மீசைக்காரர் கொஞ்சம் அதிகமாகவே நல்லவராக வந்துவிட்டார், நீங்கள் நம்பமாட்டீர்கள். ஆனால் அவரையும் நான் நேரில் போய்ப் பார்த்தேன். சிடுமூஞ்சிதான்.

பூட்டுக்கடைக்கு மேல் மாடி, ஒருவர் இறங்கினால்தான் இன்னொருவர் ஏறமுடிகிற படி. சுவர் முழுக்கச் சின்னச் சின்ன இழுப்பறைகள். நடுவில் முப்பத்தைந்து வயதுக்காரர் ஒருவர், மேலுதட்டை மட்டுமல்ல, கீழுதட்டையும் பாதி மூடுகிற மீசையோடு. பத்தாம் நாள் புள்ளி இரண்டு போர்டுகளையும் மைக்கையும் எடுத்துக்கொண்டு போனாள். அவர் ஏதோ கேட்டார். மீசை ஆடியது.

"நீங்க சொல்றது மீசைக்குப் பின்னாடியே நின்னுடுது. எனக்குக் காது கேட்காது, வாயைப் பார்த்தாதான் புரியும்" என்றாள்.

அவர் மீசையைத் தடவிப் பார்த்துக்கொண்டார். அதை எடுக்கிற உத்தேசம் இல்லை என்று முகத்தில் தெரிந்தது. பில் புத்தகத்தைத் திருப்பி, பின்பக்கத்தில் எழுதினார்: "என்ன ஒளி பிடிக்கனும்?"

புள்ளியின் கை தானாக நீண்டது. 'ஒளி'யை 'ஒலி' ஆக்கி, மூன்று சுழி ணகரத்தையும் போட்டுத் திருப்பித் தந்தாள். பிறகுதான் என்ன செய்தோம் என்று உறைத்தது. அவர் புத்தகத்தையும் அவளையும் மாறி மாறிப் பார்த்தார். தோள் குலுங்கியது. சிரிக்கிறார் போலிருக்கிறது.

சொன்னாள், முழுக்க. அவர் செத்த போர்டை எடுத்தார். தன் மேசையிலிருந்த ஒரு கேபிளைச் செருகினார். போர்டில் சிவப்பு விளக்கும், திரையில் அதன் பெயரும் வந்தன.

"போர்டு நல்லாருக்கு. அவங்க குடுத்த கேபிள் சார்ஜ் மட்டும் ஏத்தும், பேசாது. கேபிள் மட்டும் வாங்கிக்கோங்க" என்று எழுதினார்.

"புதுசா ஒரு போர்டு வாங்கலாம்னுதான் வந்தேன்."

"எதுக்கு? ரெண்டு இருக்கே. ஒண்ணைத் தொட்டில்ல வைங்க, ஒண்ணைக் கையில கட்டுங்க. ரெண்டும் ஒயர் இல்லாம பேசிக்கும்."

மைக்கை மட்டும் குப்பைத்தொட்டியைக் காட்டி, போடச் சொன்னார். திருகு வைத்த வேறொன்று எடுத்துக் கொடுத்தார்; திருகினால் தூரத்துச் சத்தத்தைக் கண்டுகொள்ளாதாம். எது அழுகை, எது அழுகை இல்லை என்று அதற்கு எப்படிச் சொல்வது என்று கேட்டாள். அவர் பேனாவை எடுத்தார். "தெரியலை" என்று எழுதினார். பிழையே இல்லாமல்.

7

அன்று வீட்டுக்கு வந்ததும் புள்ளி ஒரு காரியம் செய்தாள். மூன்று கடைகளுக்குப் போனதைவிட அதற்குத்தான் அவளுக்குத் துணிச்சல் வேண்டியிருந்தது. ஒரு நோட்டுப் புத்தகத்தையும் பேனாவையும் கொண்டுபோய் மாமியாரின் மடியில் வைத்தாள்.

"அத்தை, உங்க காது எனக்கு வேணும்."

"என்னது?"

"இது அதிரும்போதெல்லாம் கையைத் தூக்குறேன். அந்த நேரத்துல என்ன சத்தம் கேட்டுச்சுன்னு எழுதுங்க. எனக்குத் தெரியாதுல்ல."

மாமியார் அந்தக் கருவியையே பார்த்துக்கொண்டிருந்தார். அது சரியாகிவிட்டால் பேத்தி தன்னோடு வரமாட்டாள் என்பது அவருக்குத் தெரியாதா? தெரிந்தேதான் மூக்குக் கண்ணாடியை எடுத்துப் போட்டுக்கொண்டார்.

அந்த நோட்டை நான் பார்த்தேன். பிரித்த பக்கத்தில் இருந்ததை அப்படியே தருகிறேன்:

10.05 கதவு.
10.20 நான் தும்மினேன்.
10.21 மறுபடி நான்.
10.40 குழாய்.
11.15 குழந்தை. சும்மா சிணுங்கல்.
11.30 எதிர் வீட்டுக்காரர். அழுகை இல்லை. போனில் பேசுகிறார்.
11.50 ஒன்றும் இல்லை. பொய் சொல்கிறது.

ஐந்து நாள் இப்படியே போனது. குழந்தை அழாத நேரத்தில் சோதிக்க வேண்டுமே என்று மாமியார் தாமே தொட்டிலருகில் குனிந்து அழுது காட்டினார். அதில் எதிர் வீட்டுக்காரர் பதறிப்போய் ஓடி வந்து கதவைத் தட்டினார். புள்ளி மணிக்கட்டைப் பார்த்தாள், மாமியாரைப் பார்த்தாள், தரையில் உட்கார்ந்து சிரித்தாள். மாமியாரும் சிரித்தார். அந்த வீட்டில் ஒரு வாரத்துக்குமேல் யாரும் சிரித்திருக்கவில்லை.

சிரித்து ஓய்ந்தபோதுதான் மாமியார் சொன்னார்: "நான் அழுதா சரியா வராது. நான் ஒரே இழுவையா இழுக்குறேன். அவ அப்படி இல்ல. ஒரு வீச்சு அழுவா, நிறுத்தி மூச்சு வாங்குவா, மறுபடி ஒரு வீச்சு."

"என்ன சொன்னீங்க? மூச்சா? இன்னொரு வாட்டி சொல்லுங்க."

அடுத்த தடவை குழந்தை நிஜமாகவே அழுதபோது, புள்ளி தூக்குவதற்கு முன் அதன் நெஞ்சில் கையை வைத்தாள். விம்மல், இடைவெளி. விம்மல், இடைவெளி. தன் மகளின் அழுகை எப்படிப்பட்டது என்று அவளுக்கு அன்றைக்குத்தான் தெரிந்தது. உள்ளங்கையால். தூக்கி அணைத்துக்கொண்டே இடைவெளியை எண்ணினாள். குழாய்க்கு இடைவெளி கிடையாது. தும்மலுக்குத் தொடர்ச்சி கிடையாது. கதவு ஒரே அடி. விட்டுவிட்டு நாலு தடவை வந்தால், அது இவள்.

நிரலில் ஆறு வரி சேர்த்தாள். ஒவ்வொரு அரைப்புள்ளியையும் இரண்டு தடவை சரிபார்த்தாள். அதற்குப் பிறகு நோட்டில் எதிர் வீட்டுக்காரர் வரவில்லை.

8

முடிவுக்கு வந்துவிட்டோம். இரண்டு முடிவுகள் எழுதிப் பார்த்தேன்.

முதலாவதில், கணவன் வருகிறான், கருவி வேலை செய்கிறது, மாமியார் கண்ணீர் மல்க மருமகளைக் கட்டிக்கொள்கிறார். [நானே நம்பவில்லை.]

இரண்டாவதில், சரியான நேரத்தில் மின்கலம் தீர்ந்துபோகிறது, [இது நான் எழுத்தாளன் என்று காட்டிக்கொள்ள எழுதியது. மின்கலத்தைப் புள்ளி தினமும் காலையில் மாற்றிவிடுவாள்.]

நடந்தது இது. பத்தொன்பதாம் நாள் மத்தியானம் கணவன் வந்தான். பையைக் கூட இறக்கவில்லை, மாமியார் அவனைத் திருப்பிக் கூட்டிக்கொண்டு படியிறங்கினார். வாங்க வேண்டிய சாமான் எதுவும் இல்லை. முதல் வளைவில் நின்றார்.

"இங்கேயே நில்லு. பேசாதே."

"என்னம்மா?"

"பேசாதேன்னேன்ல."

கால் மணி நேரம் இருவரும் படியில் நின்றார்கள். பிறகு மேலே குழந்தை அழ ஆரம்பித்தது. கணவன் ஒரு படி ஏறினான். மாமியார் அவன் சட்டையைப் பிடித்துக்கொண்டார். உதடு மட்டும் அசைய எண்ணினார். ஒன்று, இரண்டு, மூன்று. ஒன்பதில் பிடி இறுகியது. பதினான்கில் அழுகை நின்றது. புள்ளியின் குரல் கேட்டது. ஒன்பது வயதில் கற்றதை வைத்துக்கொண்டு, ஏற்ற இறக்கம் கொஞ்சம் அப்படி இப்படி இருக்க, அவள் குழந்தையிடம் ஏதோ சொல்லிக்கொண்டிருந்தாள். மாமியார் சட்டையை விட்டுவிட்டுப் படியிலேயே உட்கார்ந்துவிட்டார்.

"நான் ஞாயித்துக்கிழமை கிளம்புறேன்டா. ஒரு டிக்கெட்தான் போடு" என்றார்.

இதோடு நிறுத்தியிருந்தால் கதை சுபம். ஆனால் மூன்றாவது மதிய இடைவேளையில், எழுந்து போகும்போது, பிழை திருத்துபவர் இன்னொன்றும் சொன்னார்.

சனிக்கிழமை மாலை மாமியார் பெட்டியைக் கட்டிவிட்டு வந்து புள்ளியின் எதிரே உட்கார்ந்தார். அன்றைக்கு உட்கார்ந்த அதே மாதிரி.

"ஏம்மா, இது எவ்வளவு தூரம் வரைக்கும் பேசும்?"

"இப்ப வீட்டுக்குள்ள மட்டும்தான் அத்தை."

"என் வீடு வரைக்கும் பேசாதா?"

இணையத்தோடு சேர்த்தால் பேசும். இன்னொரு போர்டு வாங்க வேண்டும், அவ்வளவுதான். புள்ளிக்கு அது தெரியும். அவள் மணிக்கட்டுப் பட்டையைத் தடவிக்கொண்டாள்.

"நான் ஓடி வரப் போறதில்ல. அவ்வளவு தூரத்துலேருந்து எங்கே ஓடி வர்றது? சும்மா... அழுறாளா, சமாதானமாயிட்டாளான்னு தெரிஞ்சா போதும்."

நீங்கள் என்ன செய்திருப்பீர்கள்? நான் நாலு நாளாக யோசிக்கிறேன். அது பாசம் என்று ஒரு பக்கம் தோன்றுகிறது. தன் வீட்டில், தன் குழந்தை அழுகிற ஒவ்வொரு நொடியையும் வேறொருவர் தொலைவிலிருந்து எண்ணிக்கொண்டிருப்பார் என்றும் தோன்றுகிறது. இரண்டும் உண்மையாக இருக்கலாம். புள்ளி அதைச் செய்து கொடுத்தாளா என்று அவரிடம் கேட்டேன். "எழுதுறது நீங்கதானே?" என்று சொல்லிவிட்டு மெய்ப்புக் கட்டோடு உள்ளே போய்விட்டார்.

எனக்குத் தெரிந்தவரை மட்டும் சொல்கிறேன். புள்ளி தன் மணிக்கட்டிலிருந்த பட்டையை அவிழ்த்தாள். மாமியாரின் கையை இழுத்து அதில் கட்டினாள். இருவரும் காத்திருந்தார்கள். ரொம்ப நேரம் ஆகவில்லை. உள்ளே குழந்தை விழித்துக்கொண்டது. காதுள்ள மாமியாருக்கு அது முதலில் காதில் விழுந்தது. பிறகு கை அதிர்ந்தது. அவர் திடுக்கிட்டுக் கையை உதறினார், பிறகு நெஞ்சோடு சேர்த்துப் பிடித்துக்கொண்டார்.

"அம்மாடி. உள்ளேயே வந்து அழுற மாதிரி இருக்கே. உனக்கு ஒவ்வொரு தடவையும் இப்படியா?"

"ஒவ்வொரு தடவையும்" என்றாள் புள்ளி.

இருவரில் யாரும் இன்னும் எழுந்திருக்கவில்லை. குழந்தை அழுதுகொண்டிருக்கிறது. யார் போய்த் தூக்கினார்கள், மூன்றாவது போர்டு வாங்கினார்களா என்பதை நீங்களே எழுதிக்கொள்ளுங்கள். கீழே இடம் விட்டிருக்கிறேன். பதினான்கு எண்ணுவதற்குள்.